ரத வீதியில் 50 ரூபாய்க்கு ஒரு வெண்பா

நெல்லையப்பர் கோயிலுக்கு வெளியே, கீழ ரத வீதியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் அந்தப் பெரியவர். 'உங்களுக்காக ஒரு வெண்பா, 50 ரூபாய்' என்று அட்டையில் எழுதியிருந்தது. என் அம்மாவைப் பற்றி எழுதச் சொன்னேன்.

"அம்மாவுக்கு எந்த ஊரு தாயி?"

குறுக்குத்துறை என்றதும் நிமிர்ந்து பார்த்தார். தாமிரபரணி வெள்ளத்தில் அங்கே ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயில் மூழ்கும், வடிந்ததும் அம்மா சேறு கழுவப் போவாள் என்று சொன்னேன். 20 நிமிஷம் ஆயிற்று. நாலே அடி. கடைசிச் சொல் 'ஆறு'; வெண்பா முடிய வேண்டிய நாலு வாய்பாடுகளில் ஒன்றான 'காசு'வில் சரியாக முடிந்தது. இரண்டாம் அடியில் தளை, அதாவது சீருக்குச் சீர் இருக்க வேண்டிய ஓசைக் கட்டு, தட்டியதை அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். அந்த அக்கறைக்கே இன்னொரு 50 கொடுக்கலாம். தாள்தான் மெலிசு, மை ஊறுகிறது.

போனில் படித்துக் காட்டினேன். அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.