ஏழு ஆண்டுகளாக என் காலில் இருக்கும் கறுப்பு பம்ப்ஸ்

2018இல் ஒரு கல்யாணத்துக்காக ஆம்பூர் போனபோது வாங்கிய ஜோடி இது. தோலுக்கும் ஷூவுக்கும் பெயர்போன ஊராயிற்றே என்று கடைக்குள் நுழைந்தேன். கறுப்புத் தோல், இரண்டு அங்குலக் குதிகால், சற்றே உருண்ட முனை. அன்றிலிருந்து வாரத்தில் நான்கு நாளாவது இதைப் போட்டுக்கொண்டுதான் அலுவலகம் போகிறேன்.

பம்ப்ஸ் என்னும் இந்த வகை ஷூவில் வார் கிடையாது, நாடா கிடையாது. மேல்விளிம்பை வெட்டியிருக்கும் விதம்தான் பாதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அளவு கொஞ்சம் தவறினாலும் விரலை நெரிக்கும், இல்லையென்றால் படியேறும்போது குதிகாலை விட்டுக் கழலும். இதற்கு முந்தைய ஜோடியைக் காலையில் போட்டுப் பார்த்து வாங்கினேன். மாலையில் பாதம் வீங்கி, சுண்டுவிரலில் கொப்புளம். "போகப் போக இளகிவிடும்" என்றார் கடைக்காரர். தோல் இளகும், ரெக்சின் எப்படி இளகும்? மூன்றே மாதத்தில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் உரிந்தது. அதனால் ஆம்பூரில் மாலை வரை காத்திருந்து, கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்து பார்த்துத்தான் பணம் கொடுத்தேன்.

சென்ற ஆண்டு அடிப்பாகம் பிரிந்தது. தைப்பவர் அதைத் திறந்தபோது நானும் குனிந்து பார்த்தேன். உள்வளைவுக்குக் கீழே ஒரு விரல் அகலத்தில் எஃகுப் பட்டை. குதிகாலைத் தூக்கினாலும் நடுவில் தொய்ந்துவிடாமல் தாங்குவது அதுதான். இத்தாலியக் காலணி வடிவமைப்பாளர் சால்வத்தோரே ஃபெர்ரகாமோ தம் ஷூக்களில் வளைவைத் தாங்க எஃகை வைத்தவர். 1950களில் பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான டியோருக்காக ரோஜர் விவியே வடிவமைத்தவை போன்ற ஊசிக் குதிகால்கள் உடையாமல் நின்றதும் உள்ளே உலோகம் இருந்ததால்தான். இத்தனைக்கும் பம்ப்ஸின் தொடக்கம் 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பணியாட்கள் மாட்டிக்கொண்ட எளிய தட்டைக் காலணி. குதிகாலோ முதலில் ஆண்களுடையது. பாரசீகக் குதிரைவீரர்களுக்குச் சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடியில் கால் நழுவாதிருக்க அது தேவைப்பட்டது. பிரான்ஸின் மன்னர் 14ஆம் லூயி சிவப்புக் குதிகாலோடு அரசவையில் நின்றார்.

புடவைக்கு இதைப் போடுவதென்றால் ஷூவை மாட்டிக்கொண்டு அப்புறம் புடவையைக் கட்ட வேண்டும். வெறுங்காலோடு கட்டினால் கரை இரண்டு அங்குலம் மேலேறி நிற்கும். கணுக்கால் தெரியும் பேன்ட்டுக்கு மிக நன்றாக அமைகிறது. விரல்கள் தொடங்கும் இடம்வரை புறங்கால் திறந்திருப்பதால் கால் நீளமாகத் தெரியும். 1957இல் பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான ஷனேல் கொண்டுவந்த இருநிற ஷூவிலும் கணக்கு இதுவே: வெளிர்பழுப்பு காலை நீட்டிக் காட்டும், கறுப்பு முனை பாதத்தைச் சிறிதாக்கும்.

குறையும் உண்டு. தொடர்ந்து நான்கு மணி நேரம் நின்றால் முன்பாதம் எரிகிறது. அந்த நாட்களில் பையில் ஒரு தட்டைச் செருப்பும் வரும். குதிகால் அடியிலுள்ள ரப்பரை இதுவரை ஐந்து முறை மாற்றியிருக்கிறேன். நடக்கையில் தரையில் டக்கென்று ஆணிச் சத்தம் கேட்டால் அன்றே மாற்றிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் குதிகாலே தேய்ந்துவிடும். மழையில் நனைந்தால் செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துவேன், வெயிலில் வைத்தால் தோல் வெடித்துவிடும்.

இப்போது இடது குதிகால் உரசும் இடத்தில் உள்தோல் தேய்ந்து துணி தெரிகிறது. புதிதாக ஆட்டுத்தோல் துண்டு வைத்துத் தைக்க, சனிக்கிழமை கொடுக்கப் போகிறேன்.