ஓர்கா: காட்பாடி வீட்டுக் கணினியில் மூன்று வருடமாக ஓடும் வேதியியல் மென்பொருள்

மூன்று வருடமாகக் கிட்டத்தட்ட தினமும் பயன்படுத்துகிறேன், இன்னும் ஒரு வரி எழுதவில்லை என்பது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. வேலூர் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்துகிறேன். வகுப்பு முடிந்து வீடு வந்தால் கணக்கீட்டு வேதியியல் ஆராய்ச்சி. ஆய்வகம் என்றால் காட்பாடி வீட்டில் ஜன்னலோரம் இருக்கும் மேசைக் கணினிதான்: எட்டு கோர், 32 ஜிபி நினைவகம். அதில் இரவெல்லாம் ஓடுவது ஓர்கா.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு மூலக்கூறில் எந்த அணு எங்கே இருக்கிறது, மொத்த மின்னூட்டம் எவ்வளவு, ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் எத்தனை என்று நாம் எழுதிக் கொடுத்தால், குவாண்டம் இயக்கவியல் சமன்பாடுகளைப் போட்டு அதன் ஆற்றல், நிலையான வடிவம், அகச்சிவப்பு நிறமாலை, எந்த நிற ஒளியை உறிஞ்சும் என்பதையெல்லாம் கணக்கிட்டுத் தரும். பீக்கரும் வேண்டாம், அமிலமும் வேண்டாம்.

முதலில் விலை. கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். கல்லூரி மின்னஞ்சலோடு பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். தொழில் நிறுவனங்களுக்குத்தான் கட்டணம். துறைக்கு வரும் பணம் ப்யூரெட்டுக்கும் ரசாயனத்துக்குமே போய்விடுகிற கல்லூரிகளில் வேலை செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஜான் போப்பிள் 1970-இல் காஸ்ஸியன் 70 என்ற நிரலை வெளியிட்டுத்தான் இந்தக் கணக்குகளை எல்லா வேதியியலாளர்களின் கைக்கும் கொண்டுவந்தார். அதற்காக 1998-இல் வால்டர் கோனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று காஸ்ஸியன் வாங்கப் பணம் வேண்டும். ஓர்கா இல்லையென்றால் எங்களைப் போன்றவர்களில் பலர் கணக்கீட்டு வேதியியலைப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருப்போம்.

இதை எழுத வைத்தவள் என் மாணவி ஒருத்தி. மேல்விஷாரம் பக்கம், அப்பா தோல் கம்பெனியில் வேலை. ஒருநாள் வகுப்பு முடிந்ததும், "மேடம், வெட் புளூ ஏன் நீலமா இருக்கு?" என்று கேட்டாள். குரோமில் பதனிட்டு ஈரத்தோடு அடுக்கி வைத்திருக்கும் தோலைத்தான் வெட் புளூ என்பார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆட்களுக்கு அந்த நிறத்தைச் சொல்லவே வேண்டாம், கண்ணை மூடினாலும் தெரியும். இருபது வருடமாக அப்பா கையில் பார்த்த நிறத்தைப் பற்றி ஒரு பெண் கேட்கிறாள், பாடப்புத்தகத்தில் இருக்கிற ஒரு வரியை ஒப்பித்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. சரி, கணக்குப் போட்டே பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

தோலில் இருப்பது குரோமியம் மூன்று, அதாவது மூன்று எலெக்ட்ரான்களை இழந்த குரோமியம். அதன் டி-ஆர்பிட்டால்களில் (எலெக்ட்ரான்கள் இருக்கும் ஒருவகை இடங்கள்) மூன்று எலெக்ட்ரான்கள், மூன்றும் தனித்தனியாக. ஆகவே ஓர்காவில் மல்டிபிளிசிட்டி (ஜோடி சேராத எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையோடு ஒன்று) 4 என்று கொடுக்க வேண்டும். அவள் முதலில் 2 என்று கொடுத்துவிட்டாள். கணக்கு ஓடி முடிந்தது, ஆனால் ஆற்றல் அதிகமாக நின்றது. 4 என்று மாற்றியதும் ஆற்றல் இறங்கியது. சம ஆற்றல் உள்ள இடங்களில் எலெக்ட்ரான்கள் முடிந்தவரை தனித்தனியாக இருக்கும் என்ற ஹுண்ட் விதியைப் பத்து மதிப்பெண் கேள்வியாகப் படித்தவளுக்கு அந்த எண் கண்முன்னே இறங்கியபோது முகத்தில் தெரிந்த மலர்ச்சியை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம் நிறம். ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்த குரோமியம் மூன்று அயனி 575, 408 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும் என்பது சோதனையில் அளந்து வைத்த விஷயம். மஞ்சளும் ஊதாவும் அங்கே போய்விடுவதால் நம் கண்ணுக்கு நீலச் சாயல் மிச்சமாகிறது. ஓர்காவில் இதற்கு மூன்று எலெக்ட்ரான், ஐந்து ஆர்பிட்டால் என்று ஒரு காஸ்எஸ்சிஎஃப் கணக்கு (அந்த எலெக்ட்ரான்கள் அந்த ஆர்பிட்டால்களில் அமரக்கூடிய எல்லா வழிகளையும் சேர்த்துப் பார்ப்பது), அதன் மேல் ஆற்றலைத் துல்லியமாக்கும் என்இவிபிடி2 திருத்தம், பத்து குவார்ட்டெட் (மல்டிபிளிசிட்டி 4) நிலைகள். ஆரம்பிக்கும்போது ஆர்பிட்டால்களைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் எங்கேயோ போய் நிற்கும், அதற்கே இரண்டு வாரம் போனது. அடுத்து தண்ணீரை எடுத்துவிட்டு, தோலில் இருக்கும் கொலாஜன் புரதத்தின் கார்பாக்சில் தொகுதி போல அசிடேட்டை வைத்துப் பார்த்தோம், ஏனென்றால் தோலில் குரோமியம் போய்ப் பிடிப்பது அங்கேதான். வெட் புளூ எப்படித் தோலாக நிலைக்கிறது என்பதை ஒரு மேசைக் கணினியில் அணு அணுவாகப் பார்க்க முடிகிறது. குரோமியம் ஆறு என்பது வேறு பிறவி, டி எலெக்ட்ரானே இல்லாதது, மஞ்சள் நிறம், புற்றுநோய் தரும் நஞ்சு. பாலாற்றுக் கரையில் பிறந்த பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நன்றாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

உலோகங்களில் ஓர்கா இவ்வளவு பலமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இதை உருவாக்கிய ஃபிராங்க் நீஸ் உயிரியல் படித்தவர். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமிரம் உள்ள நொதிகளை நிறமாலை வழியாக ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கி, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் சாலமனிடம் போனார். சோதனையில் அளந்த நிறமாலைகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய தேவையில் வளர்ந்த நிரல் இது. அதனால்தான் ஈபிஆர் (ஜோடி சேராத எலெக்ட்ரான்களை ஆராயும் நிறமாலை முறை), காந்தப் பண்புகள், எக்ஸ்-கதிர் உறிஞ்சல் எல்லாம் ஏதோ பின்னால் ஒட்டவைத்தது போல இல்லாமல் உள்ளுக்குள்ளேயே இருக்கின்றன. பான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 2010-இல் ஜெர்மனியின் உயரிய ஆராய்ச்சி விருதான லைப்னிட்ஸ் பரிசு பெற்றார், இப்போது மியூல்ஹைமில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இயக்குநர்.

அவருடைய பங்களிப்பில் எனக்குப் பெரிதாகப் படுவது டிஎல்பிஎன்ஓ முறை. சிசிஎஸ்டி(டி) என்ற மிகத் துல்லியமான கணக்கு முறையைத்தான் இத்துறையில் தங்கத் தரம் என்பார்கள். ஆனால் மூலக்கூறு இரண்டு மடங்கானால் செலவு 128 மடங்காகும், ஏழாம் அடுக்கில் ஏறும் கணக்கு அது. நீஸும் கிறிஸ்டோஃப் ரிப்ளிங்கரும் தூரத்தில் இருக்கும் எலெக்ட்ரான் ஜோடிகள் ஒன்றையொன்று அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்ற உண்மையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுமையைக் கிட்டத்தட்ட நேர்விகிதத்துக்கு இறக்கினார்கள். 2013-இல் கிராம்பின் என்ற 644 அணுக்கள் கொண்ட முழுப் புரதத்துக்கே அந்தத் தரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதே முறையைக் காட்பாடியில் முப்பது, நாற்பது அணு மூலக்கூறுகளுக்கு நான் ஓட்டுகிறேன், காலையில் எழுந்தால் விடை காத்திருக்கிறது.

இனி குறைகள். சொடுக்கினால் படம் வரும் மென்பொருள் இல்லை இது. எல்லாம் உரைக்கோப்புதான். மூலக்கூறை வரைய அவகாட்ரோ போன்ற இன்னொரு இலவச நிரல் வேண்டும். கையேடு ஆயிரம் பக்கத்துக்கு மேல், ஆங்கிலத்தில். பல கோர்களில் ஓட்ட, அவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கும் ஓப்பன் எம்பிஐ என்ற நிரல் சரியான பதிப்பில் இருக்க வேண்டும், ஓர்காவை முழு முகவரி கொடுத்துத்தான் அழைக்க வேண்டும், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஒரு வாரம் வீணானது. மேக்ஸ்கோர் என்று கொடுக்கும் நினைவக அளவு ஒரு கோருக்கானது, மொத்தத்துக்கு இல்லை. எட்டு கோரில் ஓட்டும்போது 3000 (எம்பி) என்று கொடுத்தால் 24 ஜிபி போய்விடும். புதிதாக வருபவர்கள் அங்கே கட்டாயம் தடுக்கி விழுவார்கள்.

இன்னொன்று. பி3எல்ஒய்பி என்பது எலெக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் ஒரு சூத்திரம். ஓர்காவின் பி3எல்ஒய்பியும் காஸ்ஸியனின் பி3எல்ஒய்பியும் ஒன்றல்ல. உள்ளே இருக்கும் விடபிள்யூஎன் என்ற துணைச் சூத்திரத்தில் ஓர்கா ஐந்தாம் வடிவத்தையும் காஸ்ஸியன் மூன்றாம் வடிவத்தையும் எடுக்கிறது. பழைய ஆய்வேட்டு எண்களோடு ஒப்பிட வேண்டுமென்றால் பி3எல்ஒய்பி/ஜி என்று கேட்க வேண்டும். இது தெரியாமல் தப்பு எங்கே என்று மூலக்கூறைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

வெயில் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் பகலில் எட்டு கோரையும் ஓட்டுவது கணினிக்கு நல்லதில்லை, நான் இரவு பத்துக்கு மேல்தான் ஆரம்பிப்பேன். கரண்ட் போனாலும் எல்லாம் போய்விடாது, ஜிபிடபிள்யூ கோப்பில் அலைச்சார்பு (எலெக்ட்ரான்களின் நிலையைச் சொல்லும் சார்பு) இருக்கும், அதே பெயரில் மறுபடி ஓட்டினால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஆனாலும் யுபிஎஸ் வாங்குங்கள்.

கடைசியாக, இந்த இலவசத்துக்கு நாம் கொடுக்க வேண்டிய விலை. மேற்கோள். ஓர்காவைப் பற்றி நீஸ் 2012-இல் எழுதியது ஆறே பக்கக் கட்டுரை, ஆயிரக்கணக்கானோர் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். என் முதல் கட்டுரையில் நானும் அதை மட்டும் போட்டு நிறுத்திவிட்டேன். மதிப்பீட்டாளர், "முறைகளைக் கண்டுபிடித்தவர்கள் எங்கே?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். அவர் கேட்டது நியாயம். பி3எல்ஒய்பி என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் பெக்கேயின் 1993 கட்டுரை, லீ, யாங், பார் மூவரின் 1988 கட்டுரை, இரண்டையும் சேர்த்து அந்த வடிவம் கொடுத்த ஸ்டீஃபன்ஸ் குழுவின் 1994 கட்டுரை என்று வரிசையாக இருக்கிறது. மெல்லிய ஈர்ப்பு விசைகளைச் சேர்க்கும் டி3 திருத்தத்துக்கு கிரிம்மே, ஆர்பிட்டால்களை விவரிக்கும் டெஃப்2 அடிப்படைத் தொகுதிக்கு வைகெண்டும் ஆல்ரிக்ஸும். 2014-இல் நேச்சர் இதழ் எக்காலத்திலும் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது லீ-யாங்-பார் ஏழாவது, பெக்கே எட்டாவது. அவ்வளவு பெரிய எண்ணிக்கையும்கூடக் குறைவுதான், பெயர் வழக்கத்துக்கு வந்துவிட்டால் கட்டுரையைக் காட்டுவதையே விட்டுவிடுகிறார்கள். நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963-இல் வெளியிட்ட புரத வரைபடத்தை உலகம் முழுக்க ராமச்சந்திரன் வரைபடம் என்றே சொல்கிறார்கள், அந்தக் கட்டுரையை அடிக்குறிப்பில் போடுபவர்கள் எத்தனை பேர்?

இதில் ஓர்கா ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. ஐந்தாம் பதிப்பிலிருந்து, கணக்கு முடிந்ததும் நீங்கள் பயன்படுத்திய முறைகளுக்கு எந்தெந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்ட வேண்டும் என்று வெளியீட்டின் கடைசியில் பட்டியலே தருகிறது. எத்தனை பேர் அவ்வளவு தூரம் கீழே இறங்கிப் படிக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. ஆறாம் பதிப்பு 2024-இல் வந்தது, அதிலும் இது இருக்கிறது.

என் மாணவியின் திட்ட அறிக்கை போன மாதம் தயாரானது. ஐம்பது பக்கம், மேற்கோள் பட்டியல் மட்டும் இரண்டரைப் பக்கம். கடைசிப் பக்கத்தில் அப்பாவிடம் கேட்டு வாங்கி வந்த வெட் புளூ துண்டு ஒன்றை ஒட்டி, அதன் கீழே அந்த இரண்டு அலைநீளங்களையும் எழுதியிருந்தாள்.