டிங்-டாங்கா, மெலடியா, எம்.பி.3-யா? கொழும்பு வீட்டுக்கு நாமே செய்யும் அழைப்பு மணி

வாசல் மணி ஒரு நாளைக்குச் சில வினாடிகள்தான் ஒலிக்கும். மிச்ச நேரம் முழுக்கக் காத்துக் கிடக்கும். அதனால் எந்தச் சுற்றைச் செய்யலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது மூன்று கேள்விகள். சும்மா இருக்கும்போது அது எவ்வளவு மின்சாரம் குடிக்கும்? கரண்ட் போனால் என்ன ஆகும்? உள்ளறையில் படுத்திருக்கும் அம்மம்மாவுக்குக் கேட்குமா? ஓசை இனிமையா என்பது அதற்குப் பிறகுதான்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போனால் வீட்டு மணிக்கு மூன்று வழிகளில் சாமான் வாங்கலாம்: 555 டைமர் ஐசி (ஐசி என்றால் ஒரு முழுச் சுற்றையே அடக்கிய சின்னச் சில்லு), மூன்று கால் மெலடி ஐசி, எம்.பி.3 மொடியூல். நாலாவதாக ஒன்று இருக்கிறது. அது கிடைப்பது அபூர்வம் என்பதால் பிறகு சொல்கிறேன்.

மெலடி ஐசியில் தொடங்குவோம். யு.எம். 66 என்பது பார்வைக்குச் சின்ன ட்ரான்சிஸ்டர்தான். உள்ளே 64 சுரம் கொண்ட ஒரு மெட்டு பதிந்திருக்கும். பிறந்தநாள் வாழ்த்து அட்டையைத் திறந்தால் பாடும் அதே வகை. 1.3 முதல் 3.3 வோல்ட் வரை போதும், இரண்டு பென்ரோர்ச் பற்றரியில் ஓடும். 9 வோல்ட் கொடுத்தால் அங்கேயே முடிந்தது. இதன் பெரிய பலம், பொத்தானை பற்றரி வயரிலேயே வைத்துவிடலாம் என்பது. அழுத்தாதபோது ஒரு துளி மின்சாரமும் போகாது. பற்றரி தன் ஆயுள் முடியும் வரை அப்படியே இருக்கும்.

ஆனால் பொத்தானில் இருந்து விரலை எடுத்ததும் பாட்டு பாதியில் அறுந்துவிடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்பீக்கரையும் அதை ஓட்டும் ட்ரான்சிஸ்டரையும் பற்றரியில் நேராக இணையுங்கள். ஐசிக்கு மட்டும் பொத்தான் வழியாக மின்சாரம் கொடுத்து, அதன் குறுக்கே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் 470 மைக்ரோபரட் கப்பாசிற்றர் ஒன்றைப் போடுங்கள். விரலை எடுத்த பிறகும் அந்தக் கப்பாசிற்றர் வடியும் வரை மெட்டு தொடரும். ஐசி நின்றதும் ட்ரான்சிஸ்டரும் தானே மூடிக்கொள்ளும்.

இந்த ஐசியோடு பலரும் மின்சாரம் பட்டால் அதிர்ந்து ஒலிக்கும் ஒரு பியசோ தகட்டை ஒட்டி வேலையை முடித்துவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்காத விஷயம். அந்தத் தகடு நன்றாக ஒலிப்பது சில ஆயிரம் ஹேர்ட்ஸில். வயது போகப் போக முதலில் மங்குவதும் அந்த உயர்ந்த ஓசைகளைக் கேட்கும் திறன்தான். கொழும்பு-காலி வீதி ஹோர்ன் சத்தத்துக்கு நடுவே வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில், உள்ளறையில் இருக்கும் எழுபது வயதுக்காரருக்கு அந்தக் கீச்சொலி எட்டாது. வயதானவர்கள் இருக்கும் வீடென்றால் 500, 600 ஹேர்ட்ஸ் அளவில், கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரில் மணி ஒலிக்க வேண்டும்.

அங்கேதான் 555 வெல்கிறது. சீரான மின்துடிப்புகளை உண்டாக்கும் இந்த ஐசி 1972-இல் சந்தைக்கு வந்தது, இன்னும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. இதன் டிங்-டாங் சுற்றில் எனக்குப் பிடித்தது, சுரத்தை நாமே கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே. கணக்கும் சின்னது: 1.44-ஐ, முதல் தடையோடு (ரெசிஸ்டர்) இரண்டாம் தடையின் இருமடங்கைக் கூட்டி வரும் தொகையாலும் கப்பாசிற்றராலும் வகுத்தால் அதிர்வெண் வந்துவிடும். கப்பாசிற்றர் 10 நனோபரட், இரண்டாம் தடை 100 கிலோஓம், முதல் தடை 18 கிலோஓம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 660 ஹேர்ட்ஸ். முதல் தடையோடு இன்னொரு 56 கிலோஓமைத் தொடராகச் சேர்த்தால் 525 ஹேர்ட்ஸ். இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 5-க்கு 4. சங்கீதம் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும்: அந்தர காந்தாரத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்குகிறது. அதனால்தான் டிங்-டாங் காதுக்கு நிறைவாக இருக்கிறது.

பொத்தான் செய்யும் வேலை இரண்டு. அழுத்தியதும் மின்சாரம், ஒரு பக்கம் மட்டும் ஓடவிடும் ஒரு டயோட் வழியாக 56 கிலோஓமைத் தாண்டிப் போகிறது, டிங் கேட்கிறது. இன்னொரு டயோட் வழியாக, ஐசியை ஓடவிடவும் நிறுத்தவும் செய்யும் 4-ஆம் காலில் உள்ள 47 மைக்ரோபரட் கப்பாசிற்றரை நிரப்புகிறது. விரலை எடுத்ததும் 56 கிலோஓம் கணக்கில் சேர்ந்து டாங் ஆகிறது. அந்தக் கப்பாசிற்றரின் குறுக்கே போட்ட 22 கிலோஓம் அதை வடித்து முடிக்கும் வரை, இரண்டு மூன்று வினாடி, டாங் நீளும். 10 நனோபரட்டுக்குச் செராமிக் வேண்டாம், பொலியெஸ்டர் கேளுங்கள். நம் வெக்கைக்கு மலிவான செராமிக்கில் சுரம் நகர்ந்துவிடும்.

சரி, குறை? பழைய வகை 555 சும்மா இருக்கும்போதே 9 வோல்ட்டில் 6 மில்லிஅம்பியர் அளவில் இழுக்கும். சின்னச் சதுர 9 வோல்ட் பற்றரி நாலு நாளில் காலி. இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் 555-ஐக் கைவிடுகிறார்கள், அது வேண்டாத முடிவு. மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் சீமோஸ் வகை 555 வாங்கினால், முதல் தடை வழியாக எப்போதும் ஓடும் சிறு மின்னோட்டத்தையும் சேர்த்து கால் மில்லிஅம்பியர் அளவில் நின்றுவிடும். அதே பற்றரி இரண்டு மூன்று மாதம் வரும், ஆறு பென்ரோர்ச் பற்றரி ஏறத்தாழ ஒரு வருடம் தாங்கும். சீமோஸ் வகையால் ஸ்பீக்கரை நேராகத் தள்ள முடியாது, ஒரு ட்ரான்சிஸ்டர் கூடுதலாக வேண்டும். அந்த ஒரு ட்ரான்சிஸ்டருக்காகத் தயங்காதீர்கள்.

எம்.பி.3 மொடியூல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டி.எஃப். பிளேயர் மினி என்ற சின்னப் பலகையில் மெமரி கார்ட்டைப் போட்டு, 3 வாட் வரை ஸ்பீக்கரை ஓட்டலாம். நாதஸ்வரமும் வைக்கலாம், பேத்தியின் குரலும் வைக்கலாம். நிரல் எழுதி ஓட்டும் ஆர்டுயினோ பலகை எதுவும் தேவையில்லை. ஏ.டி. கீ 1 என்ற காலைப் பொத்தான் வழியாக மைனஸுக்குத் தொட்டால் முதல் பதிவு பாடும். ஓசையில் இதற்கு ஈடு கிடையாது.

ஆனால் காத்திருக்கும்போதே 20 மில்லிஅம்பியர் போகிறது. ஒரு நாளைக்கு 480 மில்லிஅம்பியர் மணி. பற்றரியில் வைப்பது நடக்காத காரியம், போன் சார்ஜர்தான் வழி. கரண்ட் போனால் மணியும் போச்சு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்த ஊரில் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்தில் ரவுட்டருக்கென்று வாங்கிய சின்ன யூ.பி.எஸ். வீட்டில் சும்மா இருந்து, அதில் 5 வோல்ட் வெளியீடும் இருந்தால் அதில் மாட்டுங்கள். பவர் பேங்க்கை நம்ப வேண்டாம். இவ்வளவு குறைந்த மின்னோட்டத்துக்குப் பல பவர் பேங்க்குகள் தாமே அணைந்துவிடும்.

அந்த நாலாவது, சீமென்ஸின் எஸ்.ஏ.பி. 0600. எட்டுக் கால் ஐசி, 7 முதல் 11 வோல்ட். ஒலிப்பது மூன்று சுரம்: 660, 550, 440 ஹேர்ட்ஸ். பஞ்சமம், அந்தர காந்தாரம், சட்ஜம் என்று இறங்கி, ஒன்றன் மேல் ஒன்று கலந்து மெல்ல அடங்கும். காத்திருக்கும்போது இழுப்பதும் ஒரு மைக்ரோஅம்பியர் அளவுதான். நான் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இதுவே நல்ல பதில், அழகிலும் 555 இதற்குக் கிட்ட வராது. உற்பத்தி நின்றுபோய்விட்டது என்பதுதான் வருத்தம். பழைய சரக்கில் எங்காவது கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். ஆனால் ஐசியை நேராக சோல்டர் பண்ணாமல் சொக்கெட்டில் வையுங்கள். பழுதானால் இன்னொன்று தேடுவது பெரும்பாடு.

கிடைப்பதை வைத்துச் சொன்னால், பிளாட்டின் உள்கதவுக்கு மெலடி ஐசி போதும், தகட்டுக்குப் பதில் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு. கேற் உள்ள வீட்டுக்கு சீமோஸ் 555. பெரிய வீடு, யூ.பி.எஸ். உண்டு என்றால் எம்.பி.3.

எதைச் செய்தாலும் முதலில் கெடப்போவது பொத்தான்தான். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடற்காற்று உலோகத்தை அரித்துவிடும். நுண்ணிய மின்னோட்டம் மட்டும் ஓடும் பொத்தானில், அந்த அரிப்பால் படியும் படலத்தை உடைக்கும் வலு இருக்காது. அழுத்தினாலும் தொடர்பு வராது. 555 சுற்றில் பொத்தானின் வயர் உள்ளே வரும் இடத்துக்கும் மைனஸுக்கும் இடையே ஒரு 1 கிலோஓம் தடையைப் போடுங்கள். அழுத்தும்போது 9 மில்லிஅம்பியர் பொத்தான் வழியாக ஓடும், அழுத்தாதபோது ஒன்றும் போகாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழையின்போது கேற்றிலிருந்து வரும் நீள வயர் மின்னலின் அதிர்வைப் பிடித்து, ஆளில்லாமலே மணி அடிப்பதையும் அதே தடை பெருமளவு அடக்கும். அந்த வயரில் 230 வோல்ட் போகவே கூடாது. மழையில் நனையும் பொத்தானைத் தொடப்போவது தபால்காரரும் பிள்ளைகளும்.

பழைய வீடுகளில் இரும்புத் தண்டு இரண்டு தகட்டில் மோதி ஒலிக்கும் சொலனோய்ட் மணி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அது இருந்தால் கழற்ற வேண்டாம். பொத்தானில் அதிக மின்னோட்டம் ஓடுவதால் கடற்காற்றை அது நன்றாகவே சமாளிக்கும். ஓசை மங்கினால் தண்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டி மறுபடி இறுகிவிடும்.