ஏற்காடு மலைப்பாதை: பேருக்கேற்ற ரோடுதானா?

ஏற்காட்டுக்கு வண்டியில் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எத்தனை கொண்டை ஊசி வளைவு என்றுதான். இருபது. அந்த எண்ணை மட்டும் வைத்து எடைபோட்டால் இந்த ரோடு தோற்றுவிடும். பக்கத்து மாவட்டத்துக் கொல்லிமலைக்கு 70 வளைவு, வால்பாறைக்கு 40, ஊட்டியின் கல்லட்டிக்கு 36, திம்பத்துக்கு 27. வளைவு எண்ணுவதற்காகவே வண்டி எடுப்பவர் காரவள்ளிக்குப் போய்க் கொல்லிமலை ஏறட்டும். ஏற்காடு அவருக்குச் சப்பென்று இருக்கும்.

ஏற்காட்டு ரோட்டின் பெருமை அதன் ஏற்றத்தில் இருக்கிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். நகரத்திலிருந்து மொத்தமே சுமார் 30 கிலோமீட்டர். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரைக்கும் சாதாரண ரோடுதான். அதற்கு மேல் மலைப்பாதை சுமார் 20 கிலோமீட்டர். 1,200 மீட்டருக்கு மேற்பட்ட இந்த ஏற்றத்தில் பெரும்பகுதியை அந்த 20 கிலோமீட்டர்தான் தூக்குகிறது. கொல்லிமலையில் ஒரு வளைவை முடித்து ஸ்டியரிங்கை நேராக்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். இங்கே வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் மூச்சுவிட இடம் உண்டு. அடுத்த வளைவு எப்படி, எதிரே என்ன வருகிறது, எந்த கியர் என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது. மலையில் ஓட்டிப் பழக விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல ரோடு இந்தப் பக்கத்தில் இல்லை. சீறிப் போக நினைப்பவருக்கு இது ஏற்ற ரோடும் இல்லை. இடமும் இல்லை, எதிரே பஸ் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்.

எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்த ரோட்டுக்கான தீர்ப்பே மாறும். வார நாளில் காலை ஆறு, ஆறரைக்கு அடிவாரத்தைத் தாண்டினால் அதன் பேர் நியாயம்தான் என்று ஒப்புக்கொள்வீர்கள். கீழே மூங்கிலும் காய்ந்த முட்காடும். ஏற ஏறக் காற்று குளிரும், மரங்கள் உயரும், பாதைக்கு மேலேயும் கீழேயும் சில்வர் ஓக் நிழலில் காப்பித் தோட்டம், மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி. இங்கே காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன். கோடை மழை ஒன்று விழுந்தபின் காப்பி பூக்கும் நாட்களில் ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்துப் போக வேண்டும். சேலத்துக்கும் மேலே ஏரிக்கரைக்கும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் இருக்கும். பைக்கில் போகிறவர்கள் மே மாதமானாலும் ஒரு ஜெர்கின் எடுத்துக்கொள்வது நல்லது.

அதே ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போனால் காசுக்கும் நேரத்துக்கும் கேடு. 45 நிமிடம், அதிகம் போனால் ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம் இழுத்துக்கொண்டே போகும். வளைவுக்கு வளைவு நின்று நின்று ஏற வேண்டியிருப்பதால் கிளட்ச் பிளேட் கருகும் வாடை முன்னால் போகும் வண்டியிலிருந்து வருகிறதா நம்முடையதா என்றே தெரியாது. மே மாதக் கோடை விழா நாட்களில் சேலம் வழியே ஏறி, குப்பனூர் வழியே இறங்கும்படி ஒருவழிப் பாதையாக்குவது வழக்கம். புறப்படுமுன் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

இனி வளைவுகள். எல்லாக் கொண்டை ஊசி வளைவும் ஒன்றல்ல. ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவு ஒரு ரகம், வலப்பக்கம் திரும்புவது இன்னொரு ரகம். நாம் இடது ஓரத்தில் ஓட்டுவதால், வலப்பக்க வளைவில் வெளிவட்டம் நம்முடையது; சுற்று பெரிது, ஏற்றம் மெல்லியது, செகண்ட் கியரில் சுகமாகப் போய்விடும். இடப்பக்க வளைவில் நமக்கு உள்வட்டம். அதே உயரத்தை மிகக் குறைந்த தூரத்தில் ஏற வேண்டும் என்பதால் ஏற்றம் அங்கேதான் சட்டென்று செங்குத்தாகும். 1.0, 1.2 லிட்டர் எஞ்சின், ஐந்து பேர், டிக்கி நிறையப் பை, ஏசி வேறு. இப்படிப் போகும் கார் செகண்டில் நுழைந்தால் வளைவின் நடுவில் திணறி உதறும். அந்த இடத்தில் ஃபர்ஸ்ட் தேடுவதில்தான் வண்டி நின்றுபோகிறது, பின்னால் உருள்கிறது. ஃபர்ஸ்ட் போடுவதானால் வளைவுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். இப்படிப்பட்ட வளைவுகளில் ஏசியை அணைத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

உள்வட்டம் கஷ்டமாக இருக்கிறதென்று நடுக்கோட்டைத் தாண்டி அகலமாக எடுப்பதுதான் இந்த ரோட்டில் புதிதாக ஓட்டுபவர்கள் செய்யும் முதல் தப்பு. மேலிருந்து வரும் பஸ்ஸுக்கு வளைவின் முழு அகலமும் தேவை. அதன் மூக்கு முதலில் எதிர்ப்பக்கம் போய்த்தான் திரும்பும், வால் உள்பக்கத்தை அறுத்துக்கொண்டு வரும். ஹாரன் கேட்டதும் வளைவுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னாலேயே இடது ஓரமாக நின்று, பஸ் முழுசாகத் திரும்பிக் கடந்தபின் கிளம்புங்கள். வளைவுக்குள்ளேயே இரண்டு வண்டியும் மாட்டிக்கொண்டால் பின்னால் இருபது வண்டி சேர்ந்துவிடும், யாரும் ரிவர்ஸ் எடுக்க முடியாது. ரோடு குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். சட்டம் நம் பக்கம் என்பதற்காக மூக்கை நுழைக்க வேண்டாம், பஸ் டிரைவருக்குப் பிடித்து நிறுத்த இடம் வேண்டும்.

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. ஏஎம்டி கார் (சாதாரண கியர்பாக்ஸையே தானாக மாற்றும் வகை) வளைவின் நடுவில் தானே மேல் கியருக்குத் தாவும், உடனே இழுவை செத்துப்போகும். மேனுவல் மோடில் வைத்து செகண்டில் பூட்டிக்கொள்ளுங்கள். டிரை கிளட்ச் டிசிடி (ஆயிலில் நனையாத இரட்டை கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக்) வண்டியில் நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியும். முன்வண்டி ஒரு கார் நீளம் நகரும்வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே மூச்சில் நகர்வதுதான் அதற்கு மருந்து. நின்று கிளம்பும்போது ஆக்சிலரேட்டரிலேயே வண்டியைத் தாங்கிப்பிடிக்கக் கூடாது. ஏற்றத்தில் வண்டி உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் இல்லாவிட்டால் ஹேண்ட்பிரேக் எதற்கு இருக்கிறது.

ஏறுவது இவ்வளவுதான். தப்பு செய்தால் வண்டி நிற்கும், கவனிக்காவிட்டால் பின்னால் உருளும். இந்த ரோட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஏறுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது சரியில்லை, ஏனென்றால் ஆபத்து இறங்கும்போதுதான் இருக்கிறது. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ், 13ஆவது வளைவில் தடுப்புச்சுவரை உடைத்துக்கொண்டு கீழே 11ஆவது வளைவில் போய் விழுந்து உயிர்கள் போயின. வளைவெண் பலகைகளைக் கடந்து இறங்கும்போது அது நினைவில் இருக்க வேண்டும்.

பிரேக் ஏன் கைவிடுகிறது என்பதற்குக் கணக்கு எளிது. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் 1,200 மீட்டர் இறங்கினால், அந்த எடை இறங்கும் சக்தி ஏறத்தாழ 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை 5 மணி நேரம் போட்டுவைத்தால் வரும் சூடு. இது 40 நிமிடத்தில் வெளியேற வேண்டும். காற்றும் டயர் உராய்வும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் வாங்காவிட்டால் நான்கு சக்கர பிரேக்குகள்தான் வாங்க வேண்டும். பிரேக் பேடு ஓர் அளவுக்கு மேல் சூடானால் பிடிப்பு குறையும். அதையும் தாண்டினால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் குமிழி கட்டும், பெடல் பஞ்சுபோல் கீழே போகும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிப் பழசானபின் அந்த எல்லை 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றச் சொல்வது இதற்குத்தான். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில் இந்தக் குறை தெரியவே தெரியாது, மலையில் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே ஏறிய கியரிலேயே இறங்குங்கள். வளைவில் செகண்ட், இடைப்பட்ட நேரில் அதிகம் போனால் தேர்ட். எஞ்சின் சத்தம் போடுகிறதே என்று பயப்படாதீர்கள், சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அதற்குக் கேடில்லை. பிரேக்கை லேசாக வைத்துக்கொண்டே இருப்பது மோசம். வளைவுக்கு முன் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுசாக விட்டுவிட வேண்டும். இடைவெளியில் அது ஆறும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுவது தற்கொலைக்குச் சமம். அதில் மிச்சமும் கிடையாது: கியரில் காலை எடுத்தால் இன்றைய எஞ்சின் பெட்ரோலை அடைத்துவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்குக் குடிக்கும். ஏஎம்டி, டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் மேனுவலில் 2, படிப்படியான கியர் இல்லாத சிவிடியில் L அல்லது B.

ஸ்கூட்டரில் வருகிறவர்கள்மீதுதான் கவலை அதிகம். ஸ்கூட்டரில் கியர் இல்லை. ஆக்சிலரேட்டரை முழுசாக விட்டு வேகம் குறைந்ததும் எஞ்சின் வேகத்தால் தானே பிடிக்கும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் விட்டுவிடும், பிறகு எஞ்சின் இழுத்துப் பிடிக்காது, வண்டி சும்மா உருளும். பாரம் முழுவதும் இரண்டு சின்ன பிரேக் மேல். வேகத்தைத் தொடக்கத்திலிருந்தே 25, 30க்குள் வையுங்கள், இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடியுங்கள், நான்கைந்து வளைவுக்கு ஒருமுறை அகலமான இடத்தில் நிறுத்தி ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். லீவர் வழக்கத்தைவிட உள்ளே வருகிறதென்றால் அப்போதே நிறுத்துங்கள். கியர் பைக்கில் வளைவுக்குள் கிளட்ச்சைப் பிடிக்காதீர்கள். அடிவாரச் சோதனைச் சாவடியில் ஹெல்மெட் பார்ப்பார்கள். பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து எடுத்து வாருங்கள்.

மின்சாரக் காருக்கு இறக்கம் சொர்க்கம், ஒரே ஒரு நிபந்தனையோடு. பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென் (மோட்டாரே வண்டியைப் பிடித்துப் பேட்டரியை ஏற்றுவது) வேலை செய்யாது, போட்டுவைக்க இடமில்லையே. மேலே ஹோட்டலில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள், எண்பதோடு நிறுத்துங்கள்.

குப்பனூர் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அயோத்தியாப்பட்டணம், குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறுவது. சென்னைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நகரத்துக்குள் நுழையாமல் போகலாம். ஆள் நடமாட்டம் குறைவு, தோட்டங்களின் நடுவே போகும் அழகு அதிகம். ஆனால் ரோடு குறுகல். மலையில் முதல்முறை ஓட்டுகிறவர்கள் இரவில் இந்த வழியைத் தொட வேண்டாம்.

மழையும் பனியும் வந்தால் மேலே சொன்ன எல்லாம் மாறும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அந்த அளவு மழை வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் கொட்டினாலே வளைவுகளின் உள்பக்கத்தில் மண்ணும் பொடிக்கல்லும் வந்து படியும், சில்வர் ஓக் சருகு நனைந்து வழுக்கும். பைக்கின் முன்பிரேக்கை அதன்மேல் பிடித்தால் விழுந்தோம். மூடுபனியில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீமும் ஃபாக் விளக்கும் போதும். இருட்டியபின் காட்டெருமை குறுக்கே நிற்கலாம். பகலில் குரங்கு. தின்ன எதையும் போடாதீர்கள், போடப் போடத்தான் அவை வளைவிலேயே வந்து உட்காருகின்றன.

வாந்தி வருகிறவர்கள் கூட இருந்தால் முன்சீட்டில் உட்கார வையுங்கள். சேலத்துத் தட்டுவடை செட்டை இறங்கி வந்தபின் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

ரோட்டை ரசித்து ஓட்ட வேண்டும் என்று மட்டும் வருகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. ஏற்காடு வந்ததும் திரும்பிவிடாதீர்கள். ஊரைச் சுற்றி சுமார் 32 கிலோமீட்டருக்குத் தோட்டங்களின் வழியே ஒரு வட்டப்பாதை போகிறது. கொண்டை ஊசி வளைவு எண்ணிக் களைத்தவருக்கு அதன் நெளிவுசுளிவு இதமாக இருக்கும், கூட்டமும் ஏரிக்கரையோடு நின்றுவிடும். ஓட்டும் சுகத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் மலைப்பாதையைவிட அதற்கே ஒன்றிரண்டு கூடப் போடலாம். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்று பார்த்தால் நீங்கள் ஏறிவந்த பாதை கீழே மடிந்து மடிந்து கிடப்பது தெரியும். இருட்டும் நேரமானால் அதற்கும் கீழே சேலத்து விளக்குகள்.

அடிவாரம் இறங்கியதும் சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தால் பதறி டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்; சூட்டில் இருக்கும் இரும்பு கோணிக்கொள்ளும், சமயத்தில் விரிசலும் விடும். ஓரமாக நிறுத்தி, சமதளமானால் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, கால் மணி நேரம் காற்றாட வைத்தபின் கோரிமேட்டுப் பக்கம் நகருங்கள். பெடல் இன்னும் பஞ்சுபோல் இருந்தால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள்.