லிப்போசோமா, பாலிமர்சோமா? கெட்டியான பை எப்போதும் நல்ல பை அல்ல

மருந்தை நானோ அளவுப் பையில் அடைத்து ரத்தத்தில் விட்டால், போகும் வழியில் அது ஒழுகக் கூடாது. போய்ச் சேர்ந்த பிறகு திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கவும் கூடாது. கொழுப்பால் ஆன லிப்போசோமும், பாலிமர் என்ற நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆன பாலிமர்சோமும் மோதுவது இந்த இடத்தில்தான்.

உறுதியை மட்டும் பார்த்தால் பாலிமர்சோமுக்கே வெற்றி. லிப்போசோமின் சவ்வு 3 முதல் 5 நானோமீட்டர் தடிமன்தான். ஆய்வாளர் டென்னிஸ் டிஷரும் கூட்டாளிகளும் 1999இல் 'சயன்ஸ்' இதழில் அறிமுகப்படுத்திய பாலிமர்சோமின் சவ்வு சுமார் 8 நானோமீட்டர். அது தண்ணீரைக் கசியவிட்டது கொழுப்புச் சவ்வைவிடப் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். இழுத்தாலும் எளிதில் கிழியவில்லை.

அதற்காக லிப்போசோம் என்றாலே ஓட்டைப் பை என்று சொல்வது அநியாயம். டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை லிப்போசோமில் அடைத்து, 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சிலைப் பாருங்கள். அதன் கொழுப்பு உடல் வெப்பத்தில் இளகாத வகை. கூடவே கொலஸ்ட்ராலும் உண்டு. உள்ளே அமோனியம் சல்ஃபேட்டைச் சந்திக்கும் டாக்சோரூபிசின் படிகமாகிவிடுவதால் சுலபத்தில் வெளியேற முடியாது. சுவர் மெலிதாக இருந்தும் சரக்கைக் கட்டிப்போட்ட இந்தத் தந்திரத்துக்கு நான் ரசிகன். ஆனால் நாள் கணக்கில் ரத்தத்தில் சுற்றும் இந்தப் பையால் சில நோயாளிகளுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரிகின்றன.

உடல் ஏற்குமா என்ற கேள்வியில் பாலிமர்சோம் கொஞ்சம் தடுமாறுகிறது. கொழுப்பு உடலுக்குப் பழகிய பொருள்; செரித்துவிடும். 1999இன் பாலிமர்சோமில் இருந்த பாலிஎத்தில்எத்திலீன் என்ற பாலிமர் உடலில் சிதையாது. வேலை முடிந்த பிறகு அந்தப் பை எங்கே போகும்? ஆய்வுக்கூடத்தில் கிடைத்த பெருமை நோயாளியின் கல்லீரலில் தலைவலியாகலாம்.

அதனால் எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: நீர் விரும்பும் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சங்கிலியோடு, நீரை வெறுக்கும் பாலிலாக்டிக் அமிலச் சங்கிலியை இணைத்துச் செய்யும் பாலிமர்சோம். மொத்த எடையில் நீர் விரும்பும் பகுதி ஏறக்குறைய 25 முதல் 45 சதவீதமாக இருக்கும்போதுதான் சங்கிலிகள் பையாகச் சேரும். தண்ணீர் மெல்ல மெல்லப் பாலிலாக்டிக் பகுதியை அரித்துக் குட்டையாக்க, இந்தக் கணக்கு குலைகிறது. சவ்வில் துளை விழுகிறது, பை கடைசியில் மைசெல் என்ற, உள்ளே நீர் அறை இல்லாத சிறு உருண்டைகளாக உடைகிறது. உயிரணு வெளிப்பொருளை உள்ளிழுத்து வைக்கும் எண்டோசோம் என்ற சிறு அறையின் அமிலச் சூழல் இதை விரைவுபடுத்தும். மிஞ்சும் லாக்டிக் அமிலம் தசைக்குப் புதிதல்ல. பாலிலாக்டிக் அமிலத்துக்குப் பதில் பாலிகேப்ரோலாக்டோன் என்ற பாலிமரைப் போட்டால் இதே சிதைவு இன்னும் நிதானமாக நடக்கும்.

தயாரிப்பில் லிப்போசோமே முன்னால் நிற்கிறது. கொழுப்பு மூலக்கூறின் எடை இவ்வளவு என்று சொல்லிவிடலாம். பாலிமரிலோ ஒவ்வொரு சங்கிலியும் ஒரு நீளம். பெக் பூச்சால் வரும் தொல்லை மட்டும் இருவருக்கும் பொது: சிலர் உடலில் அதற்கு எதிரான ஆன்டிபாடிகள் உண்டு, அவை பையைச் சீக்கிரமே ரத்தத்திலிருந்து அகற்றிவிடும்.

டாக்சோரூபிசினுக்கு இன்று லிப்போசோமையே எடுப்பேன். உள்ளே நொதியை வைத்துப் பல நாள் வேலை வாங்க வேண்டுமென்றால் பாலிமர்சோம்.