நான்கு எக்ஸ்ரே படங்களும் ஒரு ரத்தக்குழாயும்

இம்முறை ஊரில் தங்கிய மூன்று வாரங்களில் என் மனத்தை விட்டு அகலாதது, ஒரு ஸ்கேன் நிலையத்தின் இருட்டறையில் கழிந்த இருபது நிமிடங்கள்தான்.

அண்ணன் மகளுக்குப் பதினொரு வயது. இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை நிமோனியா. ஒவ்வொரு முறையும் காய்ச்சல், எக்ஸ்ரே, ஆன்டிபயாடிக், பிறகு குணம். அண்ணி பத்திரப்படுத்தியிருந்த படங்களைச் சன்னல் வெளிச்சத்தில் வரிசையாகப் பிடித்தபோது, மருத்துவம் படிக்காத என் கண்ணுக்கே புலப்பட்டது: நான்கிலும் இடது நுரையீரலின் அடியில், இதய நிழலுக்குப் பின்னால், அதே வெண்மை. புதிய படத்தைப் பார்த்து மருந்து எழுதியவர்களில் ஒருவர்கூடப் பழைய உறையைக் கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் வாழும் நாட்டில் பழைய படங்கள் மருத்துவரின் கணினியிலேயே இருக்கும். இங்கே உறையைச் சுமப்பது நம் வேலை, சுமந்து போனாலும் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும்.

ஸ்கேன் எடுத்த அன்றுதான் அந்த ஆள் கிடைத்தார். ரத்தக்குழாய்கள் வெள்ளையாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுத்த சி.டி. படத்தை ரேடியாலஜிஸ்ட் எங்களை அருகில் அழைத்து, ஒவ்வொரு அடுக்காக நகர்த்திக் காட்டினார். முதுகெலும்பை ஒட்டி வெள்ளை வட்டமாகப் பெருந்தமனி, இதயத்திலிருந்து உடலெங்கும் ரத்தம் கொண்டுசெல்லும் முதன்மைக் குழாய். அதிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு கிளை பிரிந்து, வளைந்து, நேராக அந்த வெண்மைக்குள் நுழைந்தது. "நுரையீரல் தமனி இந்தப் பகுதிக்கு வரவே இல்லை, பாருங்கள்" என்றார். செக்வெஸ்ட்ரேஷன் எனப்படும் பிறவிக் கோளாறு அது: மூச்சுக்குழாயோடு முறையான இணைப்பில்லாத, சுவாசத்துக்கு உதவாத நுரையீரல் திசு, உடலின் பெருந்தமனியிலிருந்து தனியே ரத்தம் பெறுகிறது. சளி வெளியேற வழியில்லாததால் அதே இடத்தில் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. இந்தத் திசு தனிச் சவ்வுறையோடு நுரையீரலுக்கு வெளியே அமைவதும் உண்டு. இவளுக்கு நுரையீரலின் மடலுக்குள்ளேயே, அதாவது அதன் ஒரு பிரிவுக்குள்ளேயே, இருக்கிறது, அதுவே அதிகம் காணப்படும் வகை.

வெளிநாட்டில் என் ஸ்கேனுக்கு ஆறு வாரம் காத்திருந்தேன். வந்தது இரண்டு வரிக் கடிதம். படம் பார்த்தவரின் முகத்தை அங்கே நான் கண்டதே இல்லை.

அறுவை மருத்துவர் முதலில் கேட்டதும் அந்தத் தமனியைப் பற்றித்தான். எங்கிருந்து, எத்தனை என்று தெரியாமல் கை வைத்து அது அறுபட்டால் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது கடினமாம். அறிக்கையில் தெளிவாக இருந்தது: ஒன்றே ஒன்று, உதரவிதானத்துக்கு (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைக்கு) மேலே பிரிகிறது.