எங்கள் சாரின் ரியல் அனாலிசிஸ் நோட்ஸ்: கையெழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்

தர்மபுரியில் கணிதம் படிக்கிற பசங்க கையில் இப்போது இரண்டு வகை ரியல் அனாலிசிஸ் (கால்குலஸை அடியிலிருந்து நிரூபித்துக் காட்டுகிற பாடம்) நோட்ஸ் சுற்றுகிறது. இரண்டுமே எங்கள் சாருடையதுதான். ஒன்று அவர் கையெழுத்திலேயே இருக்கிற ஜெராக்ஸ். இன்னொன்று யாரோ டிடிபி அடித்து, பளபளவென்று அட்டை போட்டு விற்பது. எதை வாங்கலாம் என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் பிரதியை வாங்குங்கள். டிடிபி பிரதி பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

சாரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பென்னாகரம் பக்கத்துக்காரர். காகிதத்தில் அவர் கௌரவ விரிவுரையாளர், வருஷத்தில் 11 மாசத்துக்குத்தான் தொகுப்பூதியம், மே மாசத்துக்குக் கிடையாது. எங்களுக்கு அவர்தான் ப்ரொஃபசர். நாற்பது வயதுகூட ஆகவில்லை, அப்படி ஒரு மே மாசத்தில் மாரடைப்பில் போய்விட்டார். லீவில் ஊருக்குப் போயிருந்த பாதிப் பேருக்கு, காலேஜ் திறந்து டைம்டேபிளில் அவர் பீரியடுக்கு வேறு பெயரைப் பார்த்தபோதுதான் விஷயமே தெரிந்தது.

வகுப்புக்கு வருவதற்கு முன்னால் அவர் எழுதித் தயார் செய்த லாங் சைஸ் நோட்டுகளைத்தான் சாரின் மனைவி சீனியர்களிடம் கொடுத்தார். நாலு ரோட்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் அதன் மாஸ்டர் காப்பி இருக்கிறது. கடைக்கார அண்ணன் ஜெராக்ஸ் காசும் பைண்டிங் காசும் மட்டும்தான் வாங்குகிறார். நான் வாங்கியபோது ஸ்பைரல் 220 ரூபாய், கேலிகோ (துணி ஒட்டிய கெட்டி அட்டை) 280.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? யூனிஃபார்ம் கன்வர்ஜென்ஸ் வருகிற பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தேர்வில் டெஃபினிஷனை அப்படியே ஒப்பித்து மார்க் வாங்கிவிட்டு, அது என்ன என்று கேட்டால் முழிக்கிற இடம் இதுதான். சார் டெஃபினிஷனில் ஆரம்பிக்கவே இல்லை. எக்ஸ் பவர் என். எக்ஸ் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஏதோ ஒரு எண், அதையே திரும்பத் திரும்பப் பெருக்கினால் பூஜ்யத்தை நோக்கிப் போகும், இது எல்லோருக்கும் தெரியும். 0.01-க்குக் கீழே இறங்க எத்தனை தடவை பெருக்க வேண்டும்? எக்ஸ் 0.9 என்றால் 44 என்று எழுதி, பெரிதாக ஒரு டிக் போட்டிருக்கிறார். அடுத்த வரியில் ‘0.99-க்கு?’ என்று கேட்டு, அந்த 44-ஐ அடித்துவிட்டு 459. அப்புறம் 0.999, அதற்கு 459-ம் பத்தாது, அதையும் அடித்துவிட்டு 4603. அதற்குக் கீழே ‘எல்லாருக்கும் ஒரே நம்பர் கிடைக்குமாப்பா? தேடு’ என்று எழுதிவிட்டுப் பாதிப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறார். டெஃபினிஷன் அடுத்த பக்கத்தில்தான் வருகிறது. அதற்குள் ஒன்றை நெருங்க நெருங்க எண் எகிறிக்கொண்டே போகிறது, எல்லா எக்ஸுக்கும் பொதுவாக ஒரு எண் அகப்படாது என்பது படிக்கிறவனுக்கே பிடிபட்டுவிடும். 0.01 மட்டுமில்லை, எவ்வளவு சின்ன எண்ணைச் சொன்னாலும் அப்படி ஒரு பொது எண் கிடைத்தால்தான் அது யூனிஃபார்ம் கன்வர்ஜென்ஸ். அந்த டெஃபினிஷன் எதற்காக வந்தது என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. (வகுப்பிலும் இப்படித்தான். ‘மொபைலை எடுங்கப்பா’ என்று சொல்லி கால்குலேட்டரில் தட்டச் சொன்ன ஒரே வாத்தியார் எங்களுக்கு அவர்தான். பின்னால் உட்காருகிறவர்கள்தான் முதலில் எடுப்பார்கள், கேட்பானேன்.)

இப்போது டிடிபி பிரதியில் அதே இடத்தைப் பாருங்கள். டெஃபினிஷன் முதலில் வந்துவிட்டது. 44, 459, 4603 மூன்றும் ஒரே வரியில் விடைபோல உட்கார்ந்திருக்கின்றன, அடித்ததும் இல்லை, கேள்வியும் இல்லை, காலியாக விட்ட பாதிப் பக்கமும் இல்லை. போதாக்குறைக்கு அடுக்கெல்லாம் கீழே இறங்கிவிட்டது. எக்ஸ் பவர் என் என்று இருக்க வேண்டியது பல இடங்களில் எக்ஸும் என்னும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற மாதிரி அச்சாகியிருக்கிறது. பெருக்கல் என்று படித்தால் எண் கூடிக்கொண்டே போகும், பூஜ்யத்துக்கு எங்கே போவது? புதிதாகப் படிக்கிற பிள்ளை குழம்பிப் போய்விடும்.

அடித்ததை எடுத்துவிட்டு ஃபேர் காப்பி பண்ணுவதுதான் சாருக்குப் பிடிக்காத வேலை. ராமானுஜன் காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார் என்பது தெரிந்த கதைதான். டிசம்பர் 22 கணித தின விழாவில் பேசுகிறவர்கள் எல்லோரும் அவர் 32 வயதில் போனதைச் சொல்லி உருகுவார்கள். சார் அதைத் தொடவே மாட்டார், சிலேட்டுக்குப் போய்விடுவார். ‘அவரு ராமானுஜன், அழிச்சாரு. நீங்க யாரும் அழிக்காதீங்க’ என்பார். டெஸ்டில் ஒயிட்னர் போட்டிருந்தால் அதற்கு அடியில் என்ன எழுதியிருந்தது என்று கூப்பிட்டு வைத்துக் கேட்பார். அப்படிப்பட்டவர் நோட்டையே ஒயிட்னர் அடித்த மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

தொடர்கள் பகுதியும் அருமை. ஒன்று, அரை, மூன்றில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போகிற ஹார்மோனிக் சீரிஸ், 5-ஐத் தாண்ட 83 உறுப்பு, 10-ஐத் தாண்ட 12,367 உறுப்பு, ஆனாலும் எந்த எண்ணைச் சொன்னாலும் ஒருநாள் தாண்டிவிடும். அதற்கு 14-ஆம் நூற்றாண்டில் ஓரெம் என்கிற பிரெஞ்சு அறிஞர் கொடுத்த நிரூபணத்தை, எந்த உறுப்பை எதோடு சேர்த்துக் கட்டுவது என்று தப்பும் தவறுமாகக் கட்டிப் பார்த்து, பிறகு சரியாகக் கட்டிக் காட்டியிருக்கிறார். ஓரத்தில் ‘மெதுவா போறவன் நின்னுட்டான்னு நெனைக்காதீங்க’ என்று ஒரு குறிப்பு. டிடிபியில் அதுவும் போயே போய்விட்டது.

கையெழுத்துப் பிரதியில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. காப்பிக்குக் காப்பி எடுத்ததில் சில பக்கங்கள் மங்கல், இடது ஓரத்தில் கறுப்புக் கோடு, பென்சிலில் எழுதியது பாதிதான் தெரியும். சாரின் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும், பழகுகிற வரைக்கும் எரிச்சல்தான். ரீமான் இன்டக்ரல் பாதியில் நிற்கிறது, அதற்கு வேறு புத்தகம் பார்த்தே ஆக வேண்டும். ஸ்பைரலை வாங்கவே வாங்காதீர்கள், ஒரு செமஸ்டர் பையில் போட்டுப் பஸ்ஸில் வந்தாலே பல் உடைந்து தாள் கழன்றுவிடும்.

டிஆர்பி முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு இது மட்டும் போதுமா என்று கேட்கிறவர்களுக்கு: போதாது. அங்கே வேகம் வேண்டும், கொள்குறி வினாவைப் போட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும், இந்த நோட்டில் அதெல்லாம் கிடையாது. நெட் தேர்வுக்கு (காலேஜ் விரிவுரையாளர் தகுதித் தேர்வு) அதைவிட அதிகம் உதவும், ஏனென்றால் அங்கே நான்கு கூற்றைக் கொடுத்து எது எது உண்மை என்று கேட்பார்கள், எங்கே வழுக்கும் என்று சார் ஏற்கெனவே வழுக்கிக் காட்டியிருப்பார்.

கடையில் போய் ‘ரியல் நோட்ஸ்’ என்று மட்டும் கேட்டால், வேலைக்கு இருக்கிற தம்பி டிடிபியைத்தான் எடுத்து நீட்டுவான், அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. ‘சார் கையெழுத்து, மாஸ்டர்ல இருந்தே போடுங்கண்ணா’ என்று அண்ணனிடமே சொல்லுங்கள். நவம்பர், ஏப்ரல் தேர்வு நேரத்தில் கூட்டம் நெரியும், காலையிலேயே கொடுத்துவிட்டுச் சாயந்திரம் பாலக்கோடு பஸ் பிடிக்கிறதுக்கு முன்னால் வாங்கிக்கொள்ளலாம். பணம் கொடுக்கும் முன் அந்த 4603 பக்கத்தைத் திறந்து, அடித்த கோடுகள் எல்லாம் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விழவில்லை என்றால் அண்ணன் முகம் சுளிக்காமல் வேறு போட்டுத் தருவார்.